பெயர் இல்லாத பாட்டில்

1. ஓர் ஊசி

ஒரு சின்ன நகரம். அது நம் நாட்டில் எந்த மாநிலத்திலும் இருக்கலாம். உங்கள் ஊராகவும் இருக்கலாம்.

அந்த நகரத்தில் ஓர் அக்கா. நகராட்சியில் தூய்மைப் பணியாளர். காலை 6 மணிக்குத் தள்ளுவண்டியுடன் தெருவுக்கு வருவார். விசில் ஊதுவார். எல்லோரும் குப்பையைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். பிறகு அவர் ஒரு மரத்தடியில் உட்கார்வார். குப்பையைத் தரம் பிரிப்பார்.

ஒரு நாள் ஒரு பிளாஸ்டிக் பையைக் கையால் அழுத்தினார். சுருக்கென்று குத்தியது. கையுறையைக் கழற்றினார். சுண்டுவிரலில் ஒரு துளி இரத்தம். பைக்குள்ளே ஓர் ஊசி. சர்க்கரை நோய்க்காரர்கள் வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் ஊசி.

வலி பெரிதாக இல்லை. பயம்தான் பெரிதாக இருந்தது. அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர் யார்? அவருக்கு வேறு என்ன நோய் இருக்கிறது? மஞ்சள் காமாலை உண்டாக்கும் சில கிருமிகள் ஊசி வழியாகப் பரவும். எச்.ஐ.வி. கிருமியும் அப்படிப் பரவும்.

மேஸ்திரி ஓடிவந்தார். குழாய்த் தண்ணீரைத் திறந்து விட்டார். சோப்புப் போட்டுக் கையை நன்றாகக் கழுவச் சொன்னார். "அழுத்திப் பிழியாதே அம்மா, தண்ணீர் ஓடட்டும்" என்றார். உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்.

அது நல்ல காரியம். எச்.ஐ.வி. வராமல் தடுக்க மருந்து உண்டு. அதை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அக்கா சாப்பிட்டார். சில மாதம் கழித்தும் இரத்தச் சோதனை செய்தார்கள். "ஒன்றும் இல்லை" என்றார் டாக்டர். அதுவரை அழாத அக்கா அன்றைக்குத்தான் அழுதார்.

ஊசியைப் போட்ட வீட்டைக் கண்டுபிடித்தார்கள். அது ஒரு பாட்டியின் வீடு. விஷயம் தெரிந்ததும் பாட்டி பதறிப் போனார்.

"நான் வேணும்னு செய்வேனா அம்மா? குப்பையில போடாம வேற எங்க போடறது? நீயே சொல்லு."

பாட்டி கேட்டது நியாயமான கேள்வி. அந்த ஊரில் அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

2. வீட்டுக்குள்ளே ஆபத்து

"ஆபத்தான கழிவு என்றால் தொழிற்சாலையில்தான் இருக்கும்." இப்படி நாம் நினைக்கிறோம். நம் வீட்டிலும் அது இருக்கிறது. சமையலறையில் இருக்கிறது. குளியலறையில் இருக்கிறது. பரண் மேலே இருக்கிறது.

எவை என்று பார்ப்போமா?

பூச்சிமருந்து டப்பா, எலி மருந்து, கொசு மருந்து.
கழிப்பறை கழுவும் ஆசிட், பிளீச்சிங் பவுடர்.
மீந்துபோன பெயின்ட், தின்னர், வார்னிஷ்.
டியூப் லைட், சி.எஃப்.எல். பல்பு.
உடைந்த பாதரசத் தெர்மாமீட்டர்.
டார்ச் லைட் செல், கடிகாரச் செல், செல்போன் பேட்டரி.
தேதி முடிந்த மாத்திரை, டானிக்.
ஊசி, சிரிஞ்சு, புண்ணுக்குக் கட்டிய துணி.

இவற்றைக் குப்பையில் போட்டால் பிரிப்பவர் கையைக் குத்தும். எரித்தால் நச்சுப் புகை வரும். சாக்கடையில் கொட்டினால் குளத்துக்கும் கிணற்றுக்கும் போகும். மண்ணில் புதைத்தால் மழையில் கரைந்து கீழே இறங்கும்.

அப்படியானால் என்ன செய்வது? தனியே சேர்க்க வேண்டும். தனியே கொடுக்க வேண்டும். வாங்கிக்கொள்ள ஓர் இடமும் வேண்டும்.

இதற்குச் சட்டம் உண்டு. 2016-ஆம் ஆண்டு மத்திய அரசு திடக்கழிவு விதிகளைக் கொண்டுவந்தது. வீட்டில் சேரும் ஆபத்தான கழிவை வாங்க ஊர் நிர்வாகம் மையம் வைக்க வேண்டும் என்று அந்த விதி சொன்னது. நகரத்தில் 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் வேண்டும். எந்த நேரத்தில் வாங்குவார்கள் என்பதையும் மக்களுக்கு அறிவிக்க வேண்டும்.

2026-ஆம் ஆண்டு புதிய விதிகள் வந்தன. வீட்டுக் குப்பையை 4 வகையாகப் பிரிக்க வேண்டும் என்கின்றன அவை. ஈரக் குப்பை ஒன்று. உலர்ந்த குப்பை ஒன்று. நாப்கின் போன்ற சுகாதாரக் குப்பை ஒன்று. தனிக் கவனம் தேவைப்படும் குப்பை ஒன்று. பல்பு, மருந்து, பெயின்ட் டப்பா, தெர்மாமீட்டர் எல்லாம் இந்த நான்காவது வகை.

மத்தியப் பிரதேசத்தில் இந்தூர் என்ற பெரிய நகரம் இருக்கிறது. அங்கே வீட்டுக் குப்பையை 6 வகையாகப் பிரித்து வாங்குகிறார்கள். ஆபத்தான குப்பைக்கு வண்டியிலேயே தனி இடம் உண்டு. மக்கள் பழகிவிட்டார்கள். பழகினால் எதுவும் கஷ்டம் இல்லை.

3. மையம் பிறந்தது

நம் கதைக்கு வருவோம். ஊசி குத்திய செய்தி ஊரெல்லாம் பரவியது. வார்டுக் கூட்டத்தில் பேசினார்கள். நகராட்சியின் பழைய கிடங்கு ஒன்று சும்மா கிடந்தது. அதையே மையமாக மாற்ற முடிவு செய்தார்கள்.

பார்த்துப் பார்த்துத்தான் இடத்தைச் சரி செய்தார்கள். பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லை. கிணறு இல்லை. மேலே ஒழுகாத கூரை. கீழே வெடிப்பு இல்லாத சிமெண்டுத் தரை. வாசலில் சின்னத் தடுப்புச் சுவர் கட்டினார்கள். உள்ளே ஏதாவது கொட்டினாலும் வெளியே ஓடாது. உள்ளே இருந்த சாக்கடைத் துளையை அடைத்தார்கள். இரண்டு பக்கமும் பெரிய ஜன்னல் வைத்தார்கள். காற்று நன்றாகப் போய் வரும். கதவுக்குப் பூட்டு உண்டு.

வாசலில் குழாயும் சோப்பும் வைத்தார்கள். மணல் வாளிகள் வைத்தார்கள். தீயணைப்புக் கருவி ஒன்று மாட்டினார்கள். ஒரு தராசு, ஒரு மேசை, ஒரு பதிவேடு. வேலை செய்பவர்களுக்குக் கெட்டியான கையுறை, கண்ணாடி, முகக்கவசம், மூடிய செருப்பு.

சுவரில் பெரிய எழுத்தில் எழுதினார்கள்:

சனிக்கிழமை காலை 8 முதல் 12 வரை.
இங்கே பீடி, சிகரெட் கூடாது.
இங்கே சாப்பிடக் கூடாது.
குழந்தைகள் உள்ளே வரக் கூடாது.

இந்த மையத்துக்குப் பொறுப்பாளர் யார் தெரியுமா? ஊசி குத்திய அதே அக்காதான்.

முதலில் அவர் தயங்கினார். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதே. பதிவேடு எப்படி எழுதுவேன்?" என்றார். அப்போது அவருக்கு வயது 38. எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்தார். பகலில் குப்பை வண்டி. இரவில் சிலேட்டு. எட்டு மாதத்தில் டப்பாவின் மேல் இருக்கும் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தார். இப்போது பதிவேடு முழுக்க அவர் கையெழுத்துதான். அவருக்கு உதவியாக ஒரு தம்பி. அவர் வண்டி ஓட்டுவார்.

4. சனிக்கிழமை காலை

மணி 8. முதலில் வந்தவர் ஒரு வாத்தியார். கையில் இரண்டு பழைய டியூப் லைட்.

"அட்டையோட கொண்டு வந்தீங்களே சார், நல்லது" என்றார் அக்கா.

டியூப் லைட்டிலும் சி.எஃப்.எல். பல்பிலும் கொஞ்சம் பாதரசம் இருக்கிறது. உடையாத வரை ஆபத்து இல்லை. உடைந்தால் பாதரச ஆவி காற்றில் கலக்கும். அது மூளைக்கும் நரம்புக்கும் கெடுதல். அதனால் அட்டையில் சுற்றித்தான் கொண்டு வர வேண்டும். மையத்திலும் உயரமான பெட்டியில் நிறுத்தி வைப்பார்கள். இடம் போதவில்லை என்று உடைக்க மாட்டார்கள்.

அடுத்து ஒரு பெண் வந்தார். அவர் கையில் மூடி போட்ட ஒரு பாட்டில். அதற்குள் வெள்ளி மணிகள் உருண்டன.

"தெர்மாமீட்டர் ஒடைஞ்சு போச்சு அக்கா. நீங்க போன வாரம் சொன்ன மாதிரியே செஞ்சேன். புள்ளைங்கள வெளியே அனுப்பினேன். ஜன்னலத் தெறந்தேன். மோதிரத்தக் கழட்டி வச்சேன். ரெண்டு அட்டையால தள்ளித் தள்ளி எடுத்தேன்."

"துடைப்பத்தால பெருக்கலையே?"

"இல்ல அக்கா."

"ரொம்ப சரி."

துடைப்பத்தால் பெருக்கினால் பாதரசம் சின்னச் சின்ன மணியாகச் சிதறும். மூலை முடுக்கெல்லாம் போய்விடும். தங்க நகை போட்டிருந்தால் அதிலும் ஒட்டிக்கொள்ளும். பாதரசத்தைக் கையால் தொடக் கூடாது. சாக்கடையிலும் போடக் கூடாது.

பிறகு ஒரு பையன் வந்தான். வாசலிலேயே நிறுத்தினார் அக்கா. அவன் டப்பா நிறையச் செல் கொண்டுவந்தான். ஒரு செல்போன் பேட்டரி மட்டும் உப்பியிருந்தது. அக்கா அதை மெதுவாக எடுத்தார். அழுத்தவில்லை. மணல் நிரப்பிய வாளியில் தனியே வைத்தார். உப்பிய பேட்டரியை அழுத்தினாலோ குத்தினாலோ தீப்பிடிக்கும். மற்றச் செல்களின் முனையில் டேப் ஒட்டினார். முனையும் முனையும் உரசினால் சூடாகும்.

"பொத்தான் மாதிரி இருக்கே, இந்தக் கடிகாரச் செல், இத வீட்டுல கீழ போடாதீங்க தம்பி. உன் தங்கச்சி பாப்பா வாயில போட்டுக்கும்" என்றார் அக்கா.

அது வெறும் பேச்சு இல்லை. பொத்தான் செல் குழந்தையின் தொண்டையில் மாட்டினால் இரண்டு மணி நேரத்திலேயே சதை வெந்துவிடும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பையனுக்குப் பின்னால் நின்றது அந்தப் பாட்டி! கையில் கெட்டியான ஒரு பிளாஸ்டிக் டப்பா. திருகு மூடி. அதற்குள் அந்த மாதத்து ஊசிகள். மேலே பேரன் எழுதியிருந்தான்: "ஊசி. திறக்காதே."

பாட்டி ஒன்றும் பேசவில்லை. டப்பாவை மேசையில் வைத்தார். அக்காவின் சுண்டுவிரலைத் தொட்டுப் பார்த்தார்.

"போங்க பாட்டி, வெயில் ஏறுது" என்றார் அக்கா.

5. காலி டப்பாதானே?

மணி 10. பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் வந்தார். மூலையில் அடுக்கியிருந்த காலிப் பூச்சிமருந்துக் கேன்களைப் பார்த்தார்.

"காலி கேன்தானே அம்மா? எனக்குக் குடுத்துடுங்க. கிலோவுக்கு நல்ல விலை தரேன்."

"முடியாது அண்ணே."

"ஏன்? உள்ள ஒண்ணும் இல்லையே."

"கண்ணுக்குத் தெரியல. ஆனா இருக்கு. நீங்க விப்பீங்க. வாங்குறவங்க கழுவிட்டுத் தண்ணி புடிப்பாங்க. எண்ணெய் ஊத்தி வப்பாங்க. வேணாம் அண்ணே."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். தம்பி கேட்டார்: "குடுத்திருந்தா குழுவுக்கு நாலு காசு வந்திருக்குமே அக்கா?"

"வரும் தம்பி. அந்தக் காசு யாரு வயித்துல போயி எரியும்னு யாருக்குத் தெரியும்?"

பூச்சிமருந்துக் கேன் கெட்டியாக இருக்கும். மூடியும் நன்றாக இருக்கும். அதனால் ஆசை வரும். ஆனால் எத்தனை தடவை கழுவினாலும் அதில் உணவோ தண்ணீரோ வைக்கக் கூடாது.

6. பெயர் இல்லாத பாட்டில்

மணி 11.30. வெளியே சைக்கிள் மணி கேட்டது. ஒரு தாத்தா வந்தார். ஊருக்கு வெளியே அவருக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார்.

அது கலர் சோடா பாட்டில். பாதி அளவு பழுப்பு நிறத் தண்ணீர். மேலே எழுத்து எதுவும் இல்லை.

"இதுல என்ன இருக்கு தாத்தா?"

"அதுதான் தெரியல அம்மா. எப்பவோ ஊத்தி வச்சது. வயலுக்கு அடிச்ச மருந்தா, பெயின்ட் கழுவுற தின்னரா, ஞாபகம் இல்ல. நேத்து பேத்தி இதக் கையில வச்சிருந்தா. மூடியத் தெறக்கப் பாத்தா. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு."

தம்பி பாட்டிலைக் கையில் எடுத்தார். "முகர்ந்து பாத்தா என்னன்னு தெரிஞ்சுடும் அக்கா" என்று மூடியில் கை வைத்தார்.

"வை கீழே!"

அக்கா அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. தம்பி வைத்துவிட்டார்.

"முகர்ந்து பாக்குற வேலை நமக்கு இல்ல தம்பி. மூடியத் தெறக்குற வேலையும் இல்ல. சில மருந்து மூச்சு வழியாவே உள்ள போகும். தோல் வழியாவும் போகும்."

"அப்போ அந்த ஆசிட் கேன் பக்கத்துல வச்சிடட்டுமா?"

"அதுவும் கூடாது. என்னன்னு தெரியாதத எது பக்கத்துலயும் வைக்காதே."

அக்கா சொன்னது முக்கியமான பாடம். கழிப்பறை ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் குளோரின் வாயு வரும். கண் எரியும். தொண்டை எரியும். மூச்சு முட்டும். ஆளையே கொல்லும். தின்னரும் பெயின்டும் தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். அதனால்தான் மையத்தில் ஆசிட் ஒரு மூலை. பிளீச்சிங் பவுடர் எதிர் மூலை. பெயின்டும் தின்னரும் தனி அலமாரி. பூச்சிமருந்து தனி அலமாரி. எதையும் எதோடும் ஊற்றிச் சேர்ப்பதில்லை. வந்த பாட்டிலிலேயே இருக்கும்.

பெயர் இருந்தால் எங்கே வைப்பது என்று தெரியும். பெயர் இல்லாவிட்டால்? அதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து.

அக்கா கையுறை மாட்டினார். பாட்டிலை ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்தார். சுற்றிலும் மணல் போட்டார். வாளியை மூடினார். மேலே தாள் ஒட்டி எழுதினார்: "பெயர் தெரியாத திரவம். திறக்காதே." தேதியும் போட்டார். வாளியைத் தனி மூலையில் வைத்தார்.

பிறகு பதிவேட்டில் எழுதினார்:

பொருள்: பெயர் தெரியாத திரவம், 1 பாட்டில்.
எடை: 400 கிராம்.
வந்த இடம்: 9-வது வார்டு.
வைத்த இடம்: தனி மூலை, மணல் வாளி.

7. 23 குழந்தைகள்

"ஒரு பாட்டிலுக்கு இவ்வளவு பாடா அம்மா?" என்று தாத்தா கேட்டார்.

அக்கா வகுப்பில் படித்த ஒரு செய்தியைச் சொன்னார். அது கதை இல்லை. உண்மையில் நடந்தது.

பீகார் மாநிலத்தில் சாரண் மாவட்டம். அங்கே ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். 2013-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி. குழந்தைகள் மதிய உணவு சாப்பிட்டார்கள். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தார்கள். மயங்கி விழுந்தார்கள். 23 குழந்தைகள் இறந்து போனார்கள்.

பிறகு சோதனை செய்தார்கள். சமையல் எண்ணெயில் பூச்சிமருந்து இருந்தது. மோனோகுரோட்டோபாஸ் என்பது அதன் பெயர். வயலில் அடிக்கும் மருந்து அது. வயலில் இருக்க வேண்டியது குழந்தைகளின் தட்டுக்கு வந்துவிட்டது.

தாத்தா வெகுநேரம் பேசவில்லை.

உணவு இருக்கும் இடத்தில் மருந்து இருக்கக் கூடாது. மருந்து இருந்த டப்பாவில் உணவு இருக்கக் கூடாது. உணவு இருந்த பாட்டிலில் மருந்து இருக்கக் கூடாது. இந்த மூன்றும் மூன்று பூட்டு. ஒன்றைத் திறந்தாலும் எமன் உள்ளே வந்துவிடுவான்.

8. படம் சொல்லும் செய்தி

பூச்சிமருந்து டப்பாவில் ஓர் அடையாளம் இருக்கும். ஒரு சதுரத்தை முனையில் நிறுத்தியது போல இருக்கும். அதன் கீழ்ப்பாதியில் ஒரு நிறம் இருக்கும். நிறத்தைப் பாருங்கள்.

சிவப்பு: மிக மிகக் கொடிய விஷம். மேலே மண்டை ஓடும் இருக்கும்.
மஞ்சள்: கொடிய விஷம்.
நீலம்: நடுத்தர விஷம்.
பச்சை: குறைந்த விஷம்.

பச்சை என்றால் குடிக்கலாம் என்று அர்த்தம் இல்லை. எல்லாமே விஷம்தான். அளவில்தான் வேறுபாடு.

யாராவது தெரியாமல் குடித்துவிட்டால் என்ன செய்வது? வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். அந்த டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். டப்பாவில் இருக்கும் பெயரைப் பார்த்தால்தான் டாக்டருக்கு எது விஷம் என்று தெரியும். பெயர் இல்லாத பாட்டிலைக் கொண்டுபோனால் டாக்டர் என்ன செய்வார்?

9. எல்லாம் எங்கே போகிறது?

மணி 12. மையம் மூடும் நேரம். அக்கா பதிவேட்டைக் கூட்டிப் பார்த்தார். அலமாரியில் இருப்பதும் பதிவேட்டில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும். அலமாரி நிரம்பினால் நகராட்சிக்கு எழுதுவார். பொருளைத் தேங்க விடக் கூடாது. தேங்கினால் மையமே ஆபத்தான இடமாகிவிடும்.

ஊசிகள் மருத்துவக் கழிவு நிலையத்துக்குப் போகும். பேட்டரிகள் உரிமம் பெற்ற மறுசுழற்சி ஆலைக்குப் போகும். பூச்சிமருந்தும் பெயின்டும் மற்றவையும் ஆபத்தான கழிவை அழிக்கும் நிலையத்துக்குப் போகும். அங்கே சிலவற்றை மிக அதிகச் சூட்டில் எரிப்பார்கள். சிலவற்றைக் கசியாத குழியில் புதைப்பார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற நிலையத்துக்கு மட்டுமே அனுப்ப வேண்டும். என்ன போனது, எவ்வளவு போனது என்று சீட்டு எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். சீட்டு இல்லாமல் ஒரு செல்கூட வெளியே போகாது.

எல்லாவற்றையும் இந்த மையம் வாங்காது. தொழிற்சாலைக் கழிவை வாங்காது. மருத்துவமனைக் கழிவை வாங்காது. வெடியை வாங்காது. கேஸ் சிலிண்டரை வாங்காது. சிலிண்டரை ஏஜென்சியிடம் கொடுக்க வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரியை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம். அதற்குப் பணமும் கிடைக்கும்.

10. மூன்று எழுத்து

தாத்தா இன்னும் போகவில்லை. வாசலில் நின்றார்.

"வீட்டுல இன்னும் ரெண்டு கேன் இருக்கு அம்மா. எழவு, அது என்னன்னு எனக்குத் தெரியும். வயலுக்கு வேணும், அதனால கொண்டு வரல. அதுக்கு ஒரு தாள்ல எழுதித் தருவியா?"

"நான் எதுக்குத் தாத்தா? நீங்களே எழுதலாமே. வகுப்புக்கு வரீங்கதானே?"

"என் பேரு மட்டுந்தான் எழுதத் தெரியும்."

"பேரு எழுதின கை இதயும் எழுதும். மூணே எழுத்து."

அக்கா மேசையில் தாளை வைத்தார். பென்சிலைத் தாத்தா கையில் கொடுத்தார். அக்கா சொன்னார்: "வி." தாத்தா எழுதினார். "ஷ." இது கொஞ்சம் சுற்றியது. இரண்டு தடவை அழித்து எழுதினார். "ம்." மேலே புள்ளி வைத்தார்.

விஷம்.

எழுத்து கோணலாக இருந்தது. ஆனால் படிக்க முடிந்தது. கீழே தம்பி ஒரு மண்டை ஓடு வரைந்து கொடுத்தார். படிக்கத் தெரியாத பேத்திக்கு அது.

தாத்தா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "கேனையும் பூட்டுற பெட்டியில, உசரத்துல வைக்கிறேன்" என்றார். சைக்கிளில் ஏறினார்.

அக்கா கையுறையைக் கழற்றினார். சோப்புப் போட்டுக் கை கழுவினார். கதவைப் பூட்டினார்.

நினைவில் வைப்போம்

ஆபத்தான குப்பையைத் தனியே சேர்ப்போம்.
வந்த டப்பாவிலேயே வைப்போம். வேறு பாட்டிலுக்கு மாற்ற மாட்டோம்.
ஒன்றோடு ஒன்று கலக்க மாட்டோம்.
ஊசியைக் கெட்டியான டப்பாவில் போட்டு மூடுவோம்.
பெயர் இல்லாத பாட்டிலைத் திறக்க மாட்டோம். முகர மாட்டோம்.
எல்லாவற்றின் மேலும் பெயர் எழுதி வைப்போம்.

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் வீட்டில் பெயர் இல்லாத பாட்டில் இருக்கிறதா? அது எங்கே இருக்கிறது?
2. உங்கள் ஊரில் பழைய பல்பையும் ஊசியையும் எங்கே கொடுக்கிறீர்கள்?
3. மையம் இல்லாவிட்டால் யாரிடம் கேட்கலாம்? வார்டுக் கூட்டத்தில் எப்படிப் பேசலாம்?
4. இரும்புக் கடைக்காரருக்கு அக்கா காலி கேனைத் தரவில்லை. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

கோடிட்ட இடத்தை நிரப்புவோம்

1. ஊசி குத்தினால் ______ போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும்.
2. ஆசிட்டும் ______ பவுடரும் கலக்கக் கூடாது.
3. டப்பாவில் ______ நிறம் இருந்தால் மிக மிகக் கொடிய விஷம்.
4. உடைந்த தெர்மாமீட்டரில் இருந்து வருவது ______.

எழுதிப் பார்ப்போம்

கீழே உள்ள சொற்களைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதுங்கள். வெட்டி எடுங்கள். வீட்டில் உள்ள டப்பாக்களில் ஒட்டுங்கள்.

விஷம். ஆசிட். ஊசி. தீப்பிடிக்கும். தொடாதே.